எந்த லிஸ்ட்லயும் பேர் இல்லாதவங்க: சமூக மனநல உதவியில இன்டர்செக்ஷனாலிட்டி, ஒரு முழுமையான வழிகாட்டி

2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையக் கடந்துச்சு. பத்து நாள் கழிச்சு ஒரு பள்ளிக்கூடத்துல நடந்த முகாமுக்கு வாலன்டியரா போயிருந்தேன். எல்லாரும் உள்ள இருக்காங்க, ஒரு அக்கா மட்டும் காம்பவுண்டுக்கு வெளிய சாஞ்சு கெடந்த மரத்து மேல உக்காந்திருந்தாங்க. ஒரு கால் போலியோல சூம்பிப்போனது, வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம், வீடு காலனித் தெருவுல. அன்னிக்கு மட்டும் மூணு டீம் வந்துட்டு போச்சு. முதல் டீம் பெண்களுக்குன்னு வந்தது, மகளிர் குழு நோட்டை வெச்சுத்தான் சாமான் குடுத்தாங்க, இந்த அக்காவால மாசச் சேமிப்பு கட்ட முடியாததால குழுவுல இல்ல. அடுத்தது மாற்றுத்திறனாளிகளுக்கு, அடையாள அட்டை வேணும்னாங்க, அட்டை கூரையோட பறந்து போச்சு. மூணாவது டீம் காலனிக்குன்னே வந்தது, ஆனா குடும்ப அட்டைக் கணக்கு, இவங்க பேர் இன்னும் கொழுந்தனார் அட்டையில இருக்கு, அவர் வாங்கிட்டு போயிட்டார்.

பெண்ணுக்கு உதவி வந்துச்சு, மாற்றுத்திறனாளிக்கு வந்துச்சு, காலனிக்கும் வந்துச்சு, மூணுமாவும் இருக்கிற ஒருத்தங்களுக்கு ஒண்ணுமே வரல.

அதைவிட என்னை உறுத்துறது நான் பண்ணது. "ராத்திரியானா நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா"ன்னாங்க, நான் உடனே மூச்சுப்பயிற்சி சொல்லிக்குடுத்தேன். மறுநாள் வேற ஒருத்தங்க மூலமாத்தான் தெரிஞ்சுச்சு, முகாம் கக்கூசுக்கு மூணு படி ஏறணும், கைப்பிடி கெடையாது, லைட்டும் கெடையாது, அதனால இவங்க இருட்டுனப்புறம் தனியா பின்பக்கம் ஒதுங்கப் போறாங்க, அங்க ஆம்பளைங்க குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க. நெஞ்சு படபடப்பு அந்த நேரத்துக்குத்தான் ஆரம்பிக்குது.

இந்த வழிகாட்டி அந்த மாதிரி தப்பு இன்னொருத்தர் பண்ணக்கூடாதுன்னு எழுதுறது. வாலன்டியர், சமூகப்பணி ஸ்டூடன்ட், அங்கன்வாடி டீச்சர், கிராம செவிலியர், யார் வேணா யூஸ் பண்ணலாம்.

மொதல்ல வார்த்தையப் பத்தி

ஒரே ஆள் மேல பல விதமான ஒதுக்கல் சேந்து விழுறதத்தான் இன்டர்செக்ஷனாலிட்டிங்கறாங்க. அந்தச் சொல்லை 1989ல ஒரு கட்டுரையில எழுதுனவங்க கிம்பர்லே கிரென்ஷா, அமெரிக்காவுல கறுப்பினச் சட்டப் பேராசிரியர். அவங்க எடுத்துக்கிட்ட வழக்குகள்ல ஒண்ணு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மேல அஞ்சு கறுப்பினப் பெண்கள் போட்டது, தீர்ப்பு 1976ல வந்துச்சு. அந்த கம்பெனி 1964க்கு முன்னாடி கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கல, அப்புறம் ஆள்குறைப்பு வந்தப்ப கடைசியா சேந்தவங்க முதல்ல வெளியன்னு சீனியாரிட்டி பாத்தாங்க, அப்ப யார் போவாங்க, இவங்கதான. ஆனா கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, கம்பெனி பெண்களை எடுத்திருக்கே (அவங்க வெள்ளைக்காரப் பெண்கள்), கறுப்பினத்தவங்களையும் எடுத்திருக்கே (அவங்க ஆண்கள்), ரெண்டையும் சேத்து புதுசா ஒரு வகை உண்டாக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. கிரென்ஷா இதை நாலு ரோடு சந்திக்கிற ஜங்ஷன் மாதிரி பாக்கச் சொன்னாங்க. நடுவுல நிக்கிறவங்க மேல எந்தப் பக்கத்து வண்டியும் மோதலாம், ஒரே நேரத்துல ரெண்டும் மோதலாம்.

அந்த அமெரிக்க வழக்கும் மரத்துமேல உக்காந்திருந்த அக்காவும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. இனம், சாதி, இடம் வேற, லிஸ்ட் போடற முறைதான் ஒண்ணு.

இங்க ஒரு விஷயம் கவனமா இருங்க. இது கஷ்டத்துக்கு மார்க் போடற வேலை இல்ல. பெண்ணா ஒரு மார்க், விதவையா இன்னொரு மார்க்னு கூட்டிட்டு போனீங்கன்னா ஆளை விட்டுட்டு கணக்கைத்தான் பாப்பீங்க. சேரும்போது புதுசா என்ன ஆகுதுங்கறதுதான் கேள்வி. அதே கஜாவுல பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காட்டுல பள்ளிக்கூடம் போற பொண்ணு ஒண்ணு, வயசுக்கு வந்ததால வீட்டுக்கு வெளிய தனிக்குடிசையில வெச்சிருந்தாங்க, புயல்ல தென்னைமரம் குடிசை மேல விழுந்து செத்துப்போச்சு. புயல் எல்லாருக்கும் பொதுவாத்தான் அடிச்சுது. அந்தப் பிள்ளை பொண்ணு, அந்த வயசு, அந்த வழக்கம் இருக்கிற வீடு, சுத்தி தென்னந்தோப்பு, இதுல ஒண்ணு மாறியிருந்தாலும் உயிரோட இருந்திருக்கலாம்.

ஸ்டெப் 1: ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி உங்களப் பாத்துக்குங்க

நானும் பொண்ணுதான, பெண்கள் எங்கிட்ட மனசு விட்டு பேசுவாங்கன்னு நெனச்சேன். பேசல. ஏன்னா கழுத்துல ஐடி கார்டு, கையில நோட்டு பேனா, டவுன் பேச்சு, கூட்டிட்டு வந்தவர் ஊர்ப் பெரியவர். அவங்க கண்ணுக்கு நான் லிஸ்ட் எழுத வந்த ஆபீசர். லிஸ்ட் எழுத வந்தவங்ககிட்ட யாரும் மனசுல இருக்கிறத சொல்லமாட்டாங்க, வீடு எவ்ளோ சேதம்னுதான் சொல்லுவாங்க.

அதனால போறதுக்கு முந்தின நாள் ஒரு பேப்பர்ல எழுதுங்க: என் சாதி, என் படிப்பு, என் மதம், என் வயசு, நான் யாரோட வண்டியில போறேன், யார் வீட்ல சாப்பிடப் போறேன். இந்த கடைசி ரெண்டும் ரொம்ப முக்கியம். பெரிய தெருவுல சாப்பிட்டுட்டு காலனிக்கு போனா அது பத்து நிமிஷத்துல அங்க தெரிஞ்சிருக்கும். காலனியில டீ குடுத்தா வேணாம்னு சொல்லாதீங்க. "இப்பதான் குடிச்சேன்"னு நீங்க சாதாரணமாத்தான் சொல்றீங்க, ஆனா அந்த வார்த்தைய அவங்க எத்தனை பேர் வாயில கேட்டிருப்பாங்கன்னு யோசிங்க.

ஸ்டெப் 2: மூணு நேரம் நடந்து பாருங்க

காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, இருட்டுனப்புறம் ஒரு தடவை. முகாமா இருந்தாலும் சரி கிராமமா இருந்தாலும் சரி. யார் இருக்காங்கன்னு பாக்கறத விட யார் இல்லன்னு பாருங்க. தண்ணி லாரி வரும்போது யார் கடைசியில நிக்கிறாங்க, சாப்பாட்டு வரிசைக்கு வராம யாருக்கு பாத்திரத்துல எடுத்துட்டு போறாங்க, எந்தத் தெருவோட குழந்தைங்க விளையாட வரல. கக்கூசு, லைட்டு, தாழ்ப்பாள், படி, இதெல்லாம் மனநலம் இல்லன்னு நெனைக்காதீங்க. ஐநா அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேந்து இருக்கிற ஐஏஎஸ்சி 2007ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல நாலு அடுக்கு பிரமிடு ஒண்ணு இருக்கு. அடியில அடிப்படை வசதியும் பாதுகாப்பும், அதுக்கு மேல குடும்பம் சமூகத்தோட ஆதரவு, அதுக்கு மேல பயிற்சி எடுத்தவங்க குடுக்கிற குறிப்பான உதவி, உச்சியில மட்டும்தான் மனநல டாக்டர் மாதிரி நிபுணர்கள். அடி அடுக்கு ஆட்டம் கண்டா மேல என்ன பண்ணாலும் நிக்காது, அந்த அக்காவுக்கு நான் சொன்ன மூச்சுப்பயிற்சி மாதிரிதான்.

ஸ்டெப் 3: லிஸ்ட் எப்படி உருவாச்சுன்னு கேளுங்க

என்னைக் கேட்டா இந்த ஸ்டெப்புக்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணணும்.

2004 டிசம்பர் 26 சுனாமில நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல செத்தாங்க. நிவாரணம் கொட்டுச்சு, ஆனா எந்தக் கணக்குல கொட்டுச்சு? கரையோர மீனவ ஊர்கள்ல ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரி கட்டுற குடும்பம்னு ஒரு கணக்கு உண்டு, வரி கட்டுறது கல்யாணமான ஆம்பளை பேர்ல. பல ஊர்ல அந்தக் கணக்கை வெச்சுத்தான் பொருள் பிரிஞ்சுது, அப்ப ஆம்பளை இல்லாத வீடு என்ன ஆகும்? படகு, வலை போனவங்களுக்கு இழப்பீடு, சரி, ஆனா படகே இல்லாம கரையில மீன் அள்ளி, கருவாடு காயவெச்சு, உப்பளத்துல கூலிக்கு போய்ட்டு இருந்த தலித் குடும்பங்களும், கையாலயே இறால் நண்டு புடிக்கிற இருளர்களும் தொலைச்சது எதுலயும் பதிவாகல, ஏன்னா அவங்க தொலைச்சது கூலி. கூலி போனதுக்கு ரசீது கிடையாதே. திருநங்கைகளுக்கு அப்ப ரேஷன் கார்டே கிடையாது அல்லது வீட்ல வெச்ச ஆம்பளை பேர்ல இருக்கும், அந்த வீட்ட விட்டு வந்து பல வருஷம் ஆகியிருக்கும். தமிழ்நாட்டுல திருநங்கைகள் நலவாரியம் வந்ததே 2008லதான்.

கஜாவுலயும் இதேதான். விழுந்த தென்னை ஒண்ணுக்கு 1,100 ரூபாய்னு அரசு அறிவிச்சுது, அது மரத்துச் சொந்தக்காரருக்கு. அந்த மரத்துல ஏறுனவர், மட்டை உரிச்சவர், கீத்து முடைஞ்ச அம்மா, இவங்களுக்கு அந்த மரம் அடுத்த பத்து வருஷத்துச் சோறு.

அப்ப ஊர்ல கேக்க வேண்டிய கேள்விகள் இதுதான்: லிஸ்ட் யார் எழுதுனது, எங்க நின்னு எழுதுனாங்க, எந்த கார்டை வெச்சு, வீட்டுத் தலைவர்னு யார் பேரை போட்டாங்க, எழுதுன நேரத்துல யார் வேலைக்கு போயிருந்தாங்க. எங்கிட்ட ஒரு அம்மா சொன்னாங்க, "எங்க தெருவுக்கு எழுத வந்தவுக ரோட்டு மேலயே நின்னுட்டு போயிட்டாகம்மா, உள்ள சேறா கெடந்துச்சுல்ல"ன்னு. ரோட்டோரம் நாலு வீடு பதிவாயிருக்கு, உள்ள இருந்த வீடுங்க பதிவாகல. அந்த அம்மா மூணு நாளா சாப்பிடலன்னு சொல்லித்தான் எங்களக் கூப்பிட்டாங்க, டிப்ரஷன்னு. லிஸ்ட்ல பேர் ஏறுறதுக்கு மனு எழுதி விஏஓகிட்ட கூட நின்னோம். அன்னிக்கு சாயங்காலம் சாப்பிட்டாங்கன்னு நான் சொல்லல, ஆனா பேச ஆரம்பிச்சாங்க.

ஸ்டெப் 4: பெண்கள்னு ஒரே கும்பலா பாக்காதீங்க, ஆண்கள்னும் பாக்காதீங்க

சுனாமில கடலூர் மாவட்டத்துல 391 பெண்கள், 146 ஆண்கள் இறந்ததா ஆக்ஸ்ஃபாம் 2005ல சொல்லுச்சு. காரணம் தேடுனா ஆம்பளைங்கள்ல பல பேர் கடலுக்குள்ள இருந்தாங்க, ஆழத்துல அலை தெரியாது, பெண்கள் மீன் வாங்கி விக்க கரையில நின்னாங்க, கையில குழந்தை, சேலை, நீச்சல் சொல்லிக்குடுக்கப்படாத உடம்பு. அதுலயும் தலையில கூடை சுமந்து விக்கிற பெண்தான் கரையில நின்னது, மீன் ஏலம் எடுத்து லாரி ஏத்துற குடும்பத்துப் பெண் நிக்கல.

பொண்டாட்டி போயி கைக்குழந்தையோட நின்ன ஆம்பளைங்களும் நெறைய. கடலுக்கு போகமுடியாது, குழந்தைக்கு பால் கலக்கத் தெரியாது, அழுதா ஊர் சிரிக்கும்னு பயம், கையில நிவாரணக் காசு, பக்கத்துல டாஸ்மாக். குடிகாரன்னு முடிச்சிட்டா போச்சு. ஏழை, மீனவன், ஆம்பளை, மனைவியை இழந்தவன், இந்த நாலும் ஒண்ணா வந்தப்ப துக்கத்துக்கு அவனுக்கு இருந்த ஒரே அனுமதி குடிதான்னு புரிஞ்சாத்தான் அவன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியும். பேச உக்கார வைக்காதீங்க, வலை பின்னுற இடத்துல போய் பக்கத்துல உக்காருங்க, கை வேலையா இருக்கும்போது வாய் திறக்கும்.

இன்னொண்ணு. சுனாமில பிள்ளைங்களப் பறிகொடுத்த, ஏற்கனவே குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருந்த பெண்களுக்கு மறுபடி குழாய் இணைக்கிற ஆபரேஷனுக்கு அரசு உதவி பண்ணுச்சு. நல்ல எண்ணம்தான், பல பேருக்கு அதுவே வாழ்றதுக்குக் காரணமா இருந்திருக்கும். ஆனா ஒரு பெண் செத்த பிள்ளைக்கு அழுது முடிக்கல, அதுக்குள்ள மாமியார் ஆபரேஷனுக்கு கெளம்பச் சொல்றாங்க, மாட்டேன்னா வீட்டுக்காரருக்கு வேற கல்யாணம்னு பேச்சு வரும்னு பயம், இந்த நிலைமையில "உங்களுக்கு விருப்பமா"ன்னு மாமியார் முன்னாடி கேட்டா என்ன பதில் வரும்? தனியா, வேற நேரத்துல, வேற இடத்துல கேக்கணும்.

ஸ்டெப் 5: கூட்டம் போடறது

கூட்டத்தோட நேரமும் இடமும் யாரை வெளிய நிறுத்துதுன்னு பாருங்க. காலைல பதினொரு மணின்னா நூறு நாள் வேலைக்கு போனவங்க இல்ல. கோயில் மண்டபம்னா காலனிக்காரங்களும் முஸ்லிம் பெண்களும் வரமாட்டாங்க, மாடின்னா வயசானவங்க இல்ல. எல்லாரும் சேந்த ஒரே கூட்டம்தான் ஒற்றுமைன்னு எங்க டீம்லயே சிலர் சொன்னாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மொதல்ல தனித்தனியா சின்னச் சின்னதா, ஆறேழு பேர், அவங்க தெருவுலயே. அவங்களுக்கு வார்த்தை சேந்தப்புறம், அவங்களே சரின்னா, சேந்த கூட்டம்.

யாழ்ப்பாணத்துல போர்க்காலத்துல வேலை பாத்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடுன்னு எழுதியிருக்கார், பெரிய அழிவு தனி ஆளை மட்டும் இல்லாம குடும்பத்தையும் ஊரையும், ஒருத்தர் மேல ஒருத்தர் வெச்ச நம்பிக்கையையும் சேத்து உடைக்குதுன்னு. அது ரொம்ப உண்மை. ஆனா நம்ம களத்துல இதோட கூட ஒரு கேள்வி கேட்டே ஆகணும்: ஊரை பழையபடி ஆக்குறோம்னா, அந்தப் பழைய ஊர்ல மரத்துமேல உக்காந்திருந்த அக்காவுக்கு எடம் எங்க இருந்துச்சு?

பலத்தையும் பாருங்க. மீன் விக்கிற அம்மாக்களுக்கு எந்த வீட்ல யாருக்கு என்ன கடன், யார் நாலு நாளா வெளிய வரலன்னு அத்துப்படி. திருநங்கைகளோட ஜமாத் (அவங்களுக்குள்ள குடும்பம் மாதிரி இருக்கிற அமைப்பு) ஒரு ராத்திரியில ஒருத்தங்களுக்கு தங்க எடம் ஏற்பாடு பண்ணிடும், நம்மளால ஒரு வாரத்துல முடியாது. இவங்கள உதவி வாங்கறவங்களா மட்டும் எழுதாதீங்க, கூட வேலை செய்யக் கூப்பிடுங்க, சம்பளமும் குடுங்க.

ஸ்டெப் 6: தனியா கேக்கும்போது

உலக சுகாதார நிறுவனம் 2011ல குடுத்த உளவியல் முதலுதவிக் கையேட்டுல மூணே விஷயம்: பாரு, கேளு, இணை. நடந்ததை ஆரம்பத்துல இருந்து சொல்லுங்கன்னு தோண்டாதீங்க, அது உதவாது. அவங்க வார்த்தையிலயே நில்லுங்க. "மனசு சரியில்ல", "கை கால் ஓஞ்சு கெடக்கு", "தூக்கம் புடிக்கல", "ஈரக்கொலை நடுங்குது", இதுக்கெல்லாம் உடனே வியாதி பேர் வைக்காம அடுத்து நான் கேக்குற கேள்வி மூணு. எந்த நேரத்துல அதிகமாகுது? அப்ப எங்க இருப்பீங்க? கூட யார் இருப்பாங்க? இந்த மூணையும் அன்னிக்கே கேட்டிருந்தா அக்காவோட கக்கூசு விஷயம் அஞ்சே நிமிஷத்துல வெளிய வந்திருக்கும்.

நீங்க என்ன சாதி, நீங்க திருநங்கையா, இப்படி அடையாளத்த நேரா கேக்காதீங்க. வழியில என்ன தடுக்குதுன்னு கேளுங்க. முகாம்ல ஆண்கள் ஹால், பெண்கள் ஹால்னு ரெண்டே இருக்கும், திருநங்கை ஒருத்தங்க வந்தா "எங்க படுத்தா உங்களுக்கு பயமில்லாம தூக்கம் வரும்"னு கேட்டா போதும், மீதிய அவங்களே சொல்லுவாங்க.

ஸ்டெப் 7: இணைக்கிறது

நம்பர் குடுத்துட்டு வந்தா இணைச்சதா அர்த்தம் இல்ல. மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியவங்களுக்கு 14567, எல்லாம் குடுங்க, கூடவே கேளுங்க: போன் யார்கிட்ட இருக்கு? வீட்டுக்காரர் கையில இருக்கிற போன்ல ஒரு பொண்ணு 181க்கு கூப்பிடுறது அவளுக்கே ஆபத்து. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா பஸ் செலவு, ஒரு நாள் கூலி, கூட யார் வருவாங்க, குழந்தைய யார் பாத்துக்குவாங்க, நாலுக்கும் பதில் வந்தப்புறம்தான் சீட்டு எழுதணும். சாகணும் போல இருக்குன்னு யாராவது சொன்னா இதெல்லாம் பாக்காம அன்னிக்கே கூட போங்க, தனியா விடாதீங்க.

ஸ்டெப் 8: பதிவு

ரிப்போர்ட்ல பெண்கள் இத்தனை, எஸ்சி இத்தனை, மாற்றுத்திறனாளி இத்தனைன்னு தனித்தனிக் கட்டம் போடற பழக்கத்த விடுங்க. உதாரணத்துக்கு 200 பேர் வந்தாங்க, 120 பெண்கள், 60 பேர் காலனின்னு வெச்சுக்குங்க, பாக்க நல்லா இருக்கும். காலனிப் பெண்கள் எத்தனைன்னு ஒரு கட்டம் போட்டுப் பாத்தா எட்டுன்னு வரும், அப்பதான் உண்மை தெரியும். ஆனா கட்டம் சின்னதாக ஆக ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறது சுலபம். சின்ன ஊர்ல "ஹெச்ஐவி உள்ள விதவை: 1"னு எழுதினா பேரே எழுதின மாதிரி. அந்த நோட்டு யார் வீட்ல ராத்திரி இருக்கும்னு முடிவு பண்ணாம பேனாவ எடுக்காதீங்க.

ஸ்டெப் 9: திரும்பிப் போறது

ஒதுக்கப்பட்டவங்களுக்கு முதல்ல குடுத்தா மத்தவங்களுக்குக் கோவம் வரும், கண்டிப்பா வரும், அந்தக் கோவம் நீங்க கெளம்புனப்புறம் அவங்க மேலதான் விழும். அதனால எந்த மாற்றத்தையும் அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணணும், பொதுவா எல்லாருக்கும் பயன்படற மாதிரி பண்ண முடிஞ்சா இன்னும் நல்லது. எங்க முகாம்ல கக்கூசுக்கு செங்கல்லும் மண்ணும் போட்டு சரிவு கட்டுனோம், ஒரு பக்கம் சவுக்குக் கம்பு கைப்பிடி, வாசல்ல ஒரு பல்பு. கர்ப்பிணிகளும் பாட்டிமாரும்தான் அதிகமா யூஸ் பண்ணாங்க, அக்காவுக்காக கட்டுனதுன்னு யாருக்கும் தெரியாது. படபடப்பு கொறஞ்சிருக்குன்னு அக்கா சொன்னாங்க, நானும் சந்தோஷமா கெளம்பிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு போனப்ப மறுபடி நெஞ்சு அடிக்குதுன்னாங்க. இந்தத் தடவை மூணு கேள்வியையும் கேட்டேன். பல்பு ஃப்யூஸ் போயி பதினோரு நாள் ஆச்சாம். மாத்தச் சொல்லி யார்கிட்ட கேக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியல, நாங்களும் சொல்லிட்டு வரல. அன்னிக்கு கடையில மூணு பல்பு வாங்கி ரெண்ட அக்காகிட்டயே குடுத்துட்டு, ஏணி யார் வீட்ல இருக்கு, ஏறி மாட்டப்போற பையன் யாருன்னு பேரோட செவுத்துல சாக்பீஸ்ல எழுதிட்டு வந்தோம்.